ஒதுங்க ஓரிடம்

'வீடு' என்னும் தமிழ்ச் சொல்லுக்கு மனை என்பது ஒரு பொருள். விடுதலை என்பது மற்றொரு பொருள். 'விடு' என்னும் வினையடியினின்று பிறந்த இவ்வொரு சொல், தங்கும் இடத்தையும் தளையற்ற நிலையையும் ஒருங்கே சுட்டுவது எண்ணி மகிழத் தக்கது. ஆயினும் உலகில் ஒருசார் மக்களுக்கு இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று முரணி நிற்கின்றன. மனை வேண்டுமாயின் அவர்கள் வழிவழி வந்த வாழ்வைக் கைவிட வேண்டும். வழிவழி வந்த வாழ்வு வேண்டுமாயின் மனையையும் மனைக்குரிய மதிப்பையும் இழக்க வேண்டும். இங்கிலாந்து நாட்டின் ஜிப்சிகளும் டிராவலர்களும் அத்தகைய மக்கள். அவர்கள் பொது நிலத்திலோ பிறர் நிலத்திலோ வந்து தங்கும்போது அந்நாட்டு உள்ளாட்சி மன்றங்கள் அவர்களை எவ்வாறு நடத்துகின்றன, எவ்வாறு நடத்துதல் வேண்டும் என்பதைப் பற்றி நம் கருத்தை இக்கட்டுரையில் முன்வைக்க விழைகின்றோம்.

முதலில் ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். ஊரின் ஓரத்தில் ஒரு விளையாட்டுத் திடல். நேற்று மாலை வரை அங்குச் சிறுவர்கள் பந்து விளையாடினர். இன்று காலையில் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு வண்டிவீடுகள் வரிசையாக நிற்கின்றன. காரவன் எனப்படும் அவ்வண்டிவீடுகளுக்கு அருகே அவற்றை இழுத்து வந்த ஊர்திகள், துணி உலர்த்தும் கயிறுகள், ஓடியாடும் குழந்தைகள். ஊர் மக்கள் மன்ற அலுவலகத்துக்குத் தொலைபேசியில் முறையிடுகின்றனர். அலுவலர் வருகின்றார், அவரைத் தொடர்ந்து அறிவிக்கை வருகின்றது, பின்னர் நீதிமன்ற ஆணை வருகின்றது, இறுதியில் காவலர் வருகின்றனர். வண்டிகள் கிளம்புகின்றன. எங்கே? அடுத்த ஊரின் விளையாட்டுத் திடலுக்கு. அங்கும் இதே கதை முதலிலிருந்து தொடங்குகின்றது. அரசு ஏடுகள் இதனை 'அனுமதியற்ற தங்கல்' என்று குறிக்கின்றன. நம் பார்வையில் இது தீர்க்கப்படாமல் ஊர்விட்டு ஊர் தள்ளப்படும் ஒரு வழக்கே ஆகும்.

யார் இவர்கள்?

இம்மக்களுள் இருபெரும் பிரிவினர் உளர். ஒரு சாரார் ரோமானி ஜிப்சிகள். மற்றொரு சாரார் ஐரிஷ் டிராவலர்கள். ரோமானியரின் முன்னோர் எகிப்து நாட்டிலிருந்து வந்தோர் என ஆங்கிலேயர் தவறாகக் கருதியமையால் 'எஜிப்ஷியன்' என்னும் சொல் தேய்ந்து 'ஜிப்சி' ஆயிற்று. உண்மையில் அவர்தம் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன் வடமேற்கு இந்தியாவினின்று மேற்கு நோக்கிப் பெயர்ந்தோர் ஆவர். இவ்வுண்மையை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொழிநூலார் முதன்முதல் வெளிக்கொணர்ந்தனர். மொழி பயிலும் நமக்கு இது சுவை மிக்க செய்தியாகும். ரோமானி மொழியில் நீரைக் குறிப்பது 'பானி', ஐந்தைக் குறிப்பது 'பஞ்ச்', மூக்கு 'நக்', காது 'கன்'. உருது அறிந்த நம் நண்பர்கட்கு இச்சொற்களின் பொருள் காண அகராதி வேண்டுவதில்லை. ஐரிஷ் டிராவலர்கள் இவர்களின் வேறானவர். அயர்லாந்து மண்ணிலேயே தோன்றியவர். தகர வேலையும் குதிரை வாணிகமும் செய்து ஊர் ஊராகச் சென்றவர். 2017ஆம் ஆண்டில் அயர்லாந்து அரசு அவர்களைத் தனியினக் குழுவாக ஏற்றது. பிரித்தானியாவிலோ, ரோமானியர் தனியினத்தவர் என்பதை 1988ஆம் ஆண்டிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 'டிராவலர்களுக்கு இடமில்லை' என்று மதுக்கடை ஒன்றில் தொங்கிய பலகையைப் பற்றி எழுந்த வழக்கு அது.

இவர்களை விரட்டும் சட்டங்கள் புதியன அல்ல. எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1530ஆம் ஆண்டில், 'எகிப்தியர்' எனப்பட்டோர் பதினாறு நாள்களுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் எனச் சட்டம் பிறந்தது. 1554ஆம் ஆண்டுச் சட்டமோ ஒரு மாதத்துக்கு மேல் தங்குவோர்க்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அந்நாளைய கொடுஞ்சட்டங்கள் நெடுங்காலத்துக்குப் பின்னரே நீக்கப்பெற்றன.

இன்று இவர்கள் தொகை பெரிதன்று. 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்சிலும் தம்மை ஜிப்சி அல்லது ஐரிஷ் டிராவலர் எனப் பதிந்தோர் ஏறத்தாழ 71,000 பேர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இவர்களுள் நான்கில் ஒரு பங்கினரே வண்டிவீட்டில் வாழ்ந்தனர். ஏனையோர் செங்கல் வீடுகளுக்குக் குடியேறிவிட்டனர். இங்கிலாந்து அரசு ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், வண்டிவீடுகளை எண்ணிக் கணக்கிட்டு வந்துள்ளது. 2020ஆம் ஆண்டை ஒட்டிய கணக்கெடுப்புகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிவீடுகள் எண்ணப்பட்டன. அவற்றுள் தமக்கு உரிமையில்லாத நிலத்தில் அனுமதியின்றி நின்றவை நூற்றுக்கு மூன்று நான்கு என்னும் அளவினவே. ஆக, இத்துணைப் பூசலும் சில நூறு வண்டிகளுக்கு நிற்க இடமில்லாமையால் விளைவது. இதனை வாசகர்கள் நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும்.

மூவகை நிலம், மூவகை முறை

நிலம் யாருடையது என்பதைப் பொறுத்து முறைகள் வேறுபடுகின்றன. முதலாவது, மன்றத்துக்கு உரிய பொது நிலம். நம் ஊர் வழக்கில் சொல்வதாயின் புறம்போக்கும் மேய்ச்சல் நிலமும் சாலையோரமும் போன்றவை. 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி, அத்தகைய நிலத்தில் வண்டிகளில் தங்கியிருப்போரை வெளியேறுமாறு மன்றம் எழுத்து வாயிலாகப் பணிக்கலாம். அவர்கள் இணங்காராயின் 78ஆம் பிரிவின்படி குற்றவியல் நடுவரை அணுகி வெளியேற்றும் ஆணை பெறலாம். வெளியேறியோர் மூன்று மாதங்களுக்குள் வண்டியோடு அவ்விடத்துக்குத் திரும்பினால் அதுவும் குற்றமாகும்.

இரண்டாவது, தனியார் நிலம். நில உரிமையாளர் உரிமையியல் நீதிமன்றத்தில் உடைமை மீட்பு ஆணை பெறலாம். தனியார் நிலமாயினும் திறந்த வெளியில் உரிமையாளர் இசைவின்றித் தங்குவோர் மீது மன்றமும் மேற்சொன்ன 77ஆம் பிரிவைக் கையாளலாம். வந்தவர்கள் சேதம் விளைவித்திருந்தாலோ, ஆறோ அதற்கு மேற்பட்டோ வண்டிகள் நின்றாலோ, காவல்துறை அதே சட்டத்தின் 61ஆம் பிரிவின்படி நேரே வெளியேறச் சொல்லலாம் என்பது அந்நாளில் வகுத்த முறை.

மூன்றாவது, பலர் கருதிப் பாராதது. டிராவலர்கள் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய நிலத்திலேயே திட்ட அனுமதியின்றி வண்டிவீட்டை நிறுத்துதல். இதில் அத்துமீறல் இல்லை; நிலம் அவர்களுடையதே. மீறப்படுவது கட்டுமானத் திட்ட விதியே ஆகும். செய்தித்தாள்கள் இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பி 'ஆக்கிரமிப்பு' என்று ஒரே தலைப்பில் எழுதுவதைக் காண்கின்றோம். மருத்துவர் மூன்று வேறு நோய்களுக்கு ஒரே மருந்து தருவது போன்ற பிழை இது.

கொடுத்த சட்டமும் பறித்த சட்டமும்

இந்நிலை எவ்வாறு வந்தது? முற்காலத்தில் இவர்கள் தங்குவதற்கு இடமிருந்தது. கெண்ட் மாவட்டத்தின் ஹாப்ஸ் தோட்டங்களிலும் பழத் தோட்டங்களிலும் பறிப்புக் காலத்தில் இவர்தம் கைகள் தேவைப்பட்டன. உழவர்கள் தம் நிலத்தில் தங்க இடம் கொடுத்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பொறிகள் வந்தன, கைகள் வேண்டாதனவாயின. வேலை போனதும் இடமும் போயிற்று. 1960ஆம் ஆண்டில் வந்த வண்டிவீட்டு மனைகள் சட்டம், உரிமம் இன்றித் தனியார் நிலத்தில் வண்டிவீடுகளைத் தங்கவிடுவதைத் தடுத்தது. பொது மேய்ச்சல் நிலங்களை வண்டிவீடுகளுக்கு மூடிவிடும் அதிகாரத்தையும் மன்றங்களுக்கு அளித்தது. அதே சட்டம், மாற்று இடம் அமைக்கவும் மன்றங்களுக்கு அதிகாரம் தந்தது. ஆனால் மூடுவதற்குக் காட்டிய ஊக்கத்தை மன்றங்கள் திறப்பதற்குக் காட்டவில்லை.

இக்குறையை நீக்க முன்வந்தவர் லிபரல் கட்சியைச் சார்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் எரிக் லப்பக். பிற்காலத்தில் ஏவ்பரி பிரபு என அறியப்பட்டவர் இவரே. இவர் தனி உறுப்பினர் மசோதாவாகக் கொணர்ந்தது 1968ஆம் ஆண்டின் வண்டிவீட்டு மனைகள் சட்டம். தம் எல்லைக்குள் வாழும், வந்து செல்லும் ஜிப்சிகளுக்குப் போதிய தங்கிடம் அமைப்பது மாவட்ட மன்றங்களின் கடமை என அச்சட்டம் விதித்தது. கடமையை நிறைவேற்றிய மன்றத்துக்கு, பிற இடங்களில் தங்குவோரை வெளியேற்றும் கூடுதல் அதிகாரம் கிட்டியது. கொடுத்தவனுக்கே கேட்கும் உரிமை என்பது இதன் அடிப்படை. 1970ஆம் ஆண்டு ஏப்ரலில் இக்கடமை நடைமுறைக்கு வந்தது. 1977ஆம் ஆண்டில் ஜான் கிரிப்ஸ் அளித்த அறிக்கை, ஊர் மக்களின் எதிர்ப்பே பணி முடங்கியமைக்குப் பெருங்காரணம் எனக் காட்டி, கட்டுமானச் செலவு முழுவதையும் நடுவண் அரசே ஏற்க வேண்டும் என்றது. அரசும் அவ்வாறே ஏற்றது. ஒரு கால் நூற்றாண்டில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட தங்கிடங்கள் எழுந்தன. பல, குப்பை மேட்டின் அருகிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் அமைந்தன என்பது உண்மையே. ஆயினும் இடம் என ஒன்று இருந்தது.

1994ஆம் ஆண்டில் இக்கடமை நீக்கப்பட்டது, மானியமும் நிறுத்தப்பட்டது. வெளியேற்றும் அதிகாரம் மட்டும் வலுப்பெற்றது. 'டிராவலர்கள் தாமே நிலம் வாங்கி, திட்ட அனுமதி பெற்றுக் குடியமரட்டும்' என்பது அரசு சொன்ன விடை. அவ்வனுமதியை வழங்கவோ மறுக்கவோ வேண்டியது அதே உள்ளாட்சி மன்றம். அம்மன்றத்தின் உறுப்பினர்களோ 'எங்கள் ஊருக்கு அருகில் அவர்கள் வேண்டாம்' என்று சொல்லும் வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்படுவோர். வாசலைப் பூட்டிவிட்டுத் திறவுகோலைக் கதவைத் திறக்க விரும்பாதவரிடமே கொடுத்தது போலாயிற்று இது.

மறுபக்கமும் உண்டு

ஊர் மக்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நாம் கூறவில்லை. வரி செலுத்தும் குடிமகன் தன் பிள்ளை விளையாடும் திடலை வாரக்கணக்கில் இழக்கின்றான். சில தங்கல்கள் கலைந்த பின்னர்க் கட்டட இடிபாடுகளும் மரக்கழிவுகளும் மலமும் கிடக்கின்றன. அவற்றை அகற்றும் செலவு ஊரார் தலையில் விழுகின்றது. கூட்டமாக வருவோரைக் கண்டு முதியவர்கள் அஞ்சுகின்றனர். உழவன் விளைநிலத்தில் வண்டிச் சுவடு பதிகின்றது. இவற்றை இட்டுக்கட்டிய குறைகள் எனத் தள்ளுதல் அறமன்று. குற்றம் செய்தவர் எவராயினும் அவரைச் சட்டம் தண்டிப்பதே முறை.

ஆனால், கழிப்பிடமும் குப்பைத் தொட்டியும் குடிநீரும் இல்லாத இடத்தில் பத்துக் குடும்பங்கள் பத்து நாள் தங்கினால் விளைவு என்னவாகும்? ஒழுங்கான தங்கிடத்தை மறுத்துவிட்டு, ஒழுங்கின்மையைக் காட்டிப் பழித்தல் எவ்வாறு பொருந்தும்? மேலும், ஒருவர் செய்த குற்றத்துக்கு அவர் பிறந்த குலத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழக்கம் எவ்வளவு கொடியது என்பதைத் தமிழ் மண்ணுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆங்கிலேய ஆட்சி 1871ஆம் ஆண்டில் இந்நாட்டில் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், அலைந்து திரியும் குடிகளைப் பிறவிக் குற்றவாளிகள் எனப் பதிவு செய்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது சென்னை மாகாணத்துக்கும் பரவிற்று. 1920ஆம் ஆண்டில் பெருங்காமநல்லூரில் அச்சட்டத்தை எதிர்த்தோர் மீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. ஓரிடத்தில் நிலைத்து வாழாதவனை ஐயுறும் அதே மனப்பாங்கு, அச்சட்டத்தைத் தந்த நாட்டில் இன்னும் முற்றிலும் அடங்கிவிடவில்லை என்பதே நம் கருத்து.

டேல் பண்ணை சொல்லும் பாடம்

எசெக்ஸ் மாவட்டத்தில் பாசில்டன் நகருக்கு அண்மையில் கிரேஸ் ஹில் என்னும் சிற்றூர். அங்கே பழைய இரும்புக் கிடங்காக இருந்த நிலத்தை ஐரிஷ் டிராவலர்கள் விலைக்கு வாங்கினர். டேல் பண்ணை என்பது அதன் பெயர். அதனை அடுத்திருந்த பகுதிக்குத் திட்ட அனுமதி உண்டு. டேல் பண்ணைக்கு இல்லை. அது பசுமை வளையத்துக்குள் அடங்கிய நிலம் என்பது மன்றத்தின் வாதம். பத்தாண்டுகள் வழக்கு நடந்தது. 2011ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் காலையில் காவலர் படை உள்நுழைந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. மன்றமும் காவல்துறையும் இதற்காகச் செலவிட்ட தொகை ஏறத்தாழ 70 இலட்சம் பவுண்டு.

வெளியேறியவர்கள் எங்கே சென்றனர்? பலர் தொலைவில் எங்கும் செல்லவில்லை. பண்ணைக்குச் செல்லும் பாதையின் ஓரத்திலேயே வண்டிகளை நிறுத்திக்கொண்டனர். அங்கே ஆண்டுக்கணக்கில் தங்கினர். சட்டம் வென்றது, பசுமை வளையம் காக்கப்பட்டது என்றனர். ஆனால் முன்பு தமக்கு உரிய மனையில் இருந்தவர்கள் இப்பொழுது வழியோரத்தில் இருந்தார்கள். அத்துணைப் பணத்தைக் கொண்டு எத்தனை தங்கிடங்கள் அமைத்திருக்கலாம் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது.

இஃது ஓரூர்க் கதையன்று. 2002ஆம் ஆண்டில் ரேச்சல் மோரிஸ், லூக் கிளமெண்ட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, அனுமதியற்ற தங்கல்களைக் கையாள்வதற்கு ஆண்டுதோறும் குறைந்தது 1 கோடியே 80 இலட்சம் பவுண்டு செலவாவதாக மதிப்பிட்டது. அறிவிக்கைக்கும் வழக்கறிஞர்க்கும் அமீனாவுக்கும் துப்புரவுக்கும் கரையும் பணம் அது. அப்பணத்தால் ஒரு குழாயும் ஒரு கழிப்பிடமும் எழுவதில்லை.

நீதிமன்றங்கள் கேட்ட கேள்வி

இவ்விடத்தில் நீதிமன்றங்களின் பங்கைப் போற்றாதிருத்தல் இயலாது. 1995ஆம் ஆண்டில் வீல்டன், லிங்கன்ஷயர் மன்றங்கள் தொடர்பான வழக்குகளில் நீதிபதி செட்லி, வெளியேற்றும் அறிவிக்கை விடுக்கும் முன்னர் அங்குள்ள குழந்தைகள், கருவுற்றோர், நோயாளிகள் ஆகியோர் நிலையை மன்றம் உசாவியறிதல் வேண்டும் என்றும், மனிதநேய உணர்வைப் புறக்கணிக்கலாகாது என்றும் தீர்ப்பளித்தார். அன்று முதல் அலுவலர் முதலில் எடுத்துச் செல்ல வேண்டியது நலம் உசாவும் படிவமே ஆயிற்று. 2001ஆம் ஆண்டில் சாப்மன் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வழக்காடிய பெண்ணுக்கு எதிராகத் தீர்ப்பளித்த போதிலும், ஜிப்சிகளின் வாழ்க்கை முறைக்கு வழிவகுத்துத் தரும் கடமை அரசுக்கு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டது.

2015ஆம் ஆண்டு தொடங்கி மன்றங்கள் புதிய கருவி ஒன்றைக் கையிலெடுத்தன. 'இன்னார் எனத் தெரியாதோர்' அனைவருக்கும் எதிராக, ஊர் முழுதுக்கும் பொருந்தும் தடையாணைகளை முப்பதுக்கும் மேற்பட்ட மன்றங்கள் பெற்றன. இன்னும் வராதவர்களையும் பிறவாதவர்களையும்கூட அவை தடுத்தன எனலாம். வுல்வர்ஹாம்ப்டன் வழக்கில் 2023ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய ஆணைகளைத் தர நீதிமன்றங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. ஆயினும் தவிர்க்க இயலாத தேவை மெய்ப்பிக்கப்பட வேண்டும். காலமும் எல்லையும் வரையறுக்கப்பட வேண்டும். ஓராண்டுக்கு மேற்படுதல் பொதுவாகத் தகாது என்று கடிவாளமிட்டது. டிராவலர்களுக்கு இடம் அமைத்துத் தரும் கடமைகளை மன்றம் எண்ணிப் பார்த்ததா என்னும் வினாவும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது.

இதற்கிடையே 2022ஆம் ஆண்டில் வந்த காவல், குற்றம், தண்டனை, நீதிமன்றங்கள் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. சேதமோ இடையூறோ துன்பமோ கணிசமாக விளைந்து, அல்லது விளையக்கூடுமெனத் தோன்றி, வெளியேறச் சொல்லியும் வண்டியோடு தங்கியிருப்பதே குற்றமாயிற்று. அதற்கு மூன்று மாதம் வரை சிறை; வண்டியைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் உண்டு. வண்டியே வீடாக உள்ளவர்க்கு வண்டியைப் பறித்தல் என்பதன் பொருள் என்ன? காவல்துறையின் ஆணைக்குப் பின் திரும்பி வரலாகாத காலம் மூன்று மாதத்தினின்று பன்னிரண்டு மாதமாக உயர்த்தப்பட்டது. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் உயர் நீதிமன்றம், இப்பன்னிரண்டு மாதத் தடை மனித உரிமைகளுக்கு முரணானது என அறிவித்தது. ஏன்? இடைவழித் தங்கிடங்கள் போதிய அளவில் இல்லை. போக்கிடம் இல்லாதவரை ஓராண்டு முழுதும் ஓரிடத்துக்கு வரலாகாது எனல் ஓரினத்தார்க்கு இழைக்கும் பாகுபாடாக முடிகின்றது என்பதே காரணம். 'எங்கே போவது?' என்று சாலையோரத்தில் தாய்மார் கேட்டுவந்த கேள்வியையே நீதிமன்றமும் கேட்டது.

வழி இல்லாமல் இல்லை

நடைமுறைக்கு ஒவ்வாத கனவு எனச் சிலர் இதனை ஒதுக்கக்கூடும். அவர்கட்குச் சில சான்றுகளைக் காட்டுவோம்.

லீட்ஸ் மாநகர மன்றம், டிராவலர்களின் அமைப்பாகிய லீட்ஸ் கேட்டுடன் இணைந்து 'பேசி முடித்த தங்கல்' என்னும் முறையை மேற்கொண்டது. வந்தவர்களை உடனே விரட்டாமல், ஏற்ற இடமாயின் அங்கேயும், அன்றாயின் வேறோர் இடத்திலும், குறித்த நாள் வரை தங்க உடன்பாடு செய்துகொள்வர். மன்றம் குப்பைத் தொட்டியும் கழிப்பிடமும் தரும். குடும்பங்கள் தூய்மையும் அமைதியும் காத்து, குறித்த நாளில் கிளம்ப வேண்டும். இதனால் வழக்குச் செலவும் துப்புரவுச் செலவும் குறைந்தன. ஒரு காலத்தில் மன்றத் தங்கிடத்திலிருந்து ஒரு குடும்பத்தை முறையின்றி வெளியேற்றியதற்காக, 2004ஆம் ஆண்டின் கானர்ஸ் தீர்ப்பில் குறை காணப்பட்ட நடவடிக்கை இதே லீட்ஸ் மன்றத்தினுடையதே என்பதை நோக்க, மாற்றம் இயலக்கூடியதே என்பது தெளிவாகும். பிரிஸ்டல் நகரும் தங்கிடங்கள் அமைத்த பின் வெளியேற்றும் செலவு பெரிதும் குறையக் கண்டது.

கம்பிரியாவில் உள்ள ஆப்பிள்பி என்னும் சிற்றூரில் ஒவ்வோராண்டும் ஜூன் மாதத்தில் குதிரைச் சந்தை கூடுகின்றது. ஆயிரக்கணக்கான ஜிப்சிகளும் டிராவலர்களும் நாற்றிசையிலிருந்தும் திரள்கின்றனர். மன்றங்களும் காவல்துறையும் கூடிப் பேசி, வழியிலும் ஊரிலும் தற்காலிகத் தங்கிடங்களையும் நீரையும் கழிப்பிடங்களையும் ஏற்பாடு செய்கின்றன. சில நாள் கழித்து வண்டிகள் கலைந்து செல்கின்றன. அங்கும் முறையீடுகள் எழாமல் இல்லை. எனினும், வருவார்கள் என்று அறிந்தால் முன்கூட்டியே இடம் செய்யலாம் என்பதற்கு அது கண்கூடான சான்று. வேல்ஸ் நாடு ஒருபடி மேலே சென்று, 2014ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் வழி, தேவையைக் கணக்கிட்டு இடம் அமைக்கும் கடமையை மன்றங்கள் மீது மீண்டும் சுமத்தியது. 1994ஆம் ஆண்டில் தூக்கியெறிந்த பொறுப்பை ஒரு நாடு இருபது ஆண்டு கழித்துக் குனிந்து எடுத்துக்கொண்டது.

இங்கிலாந்தின் சட்டத்திலேயே இதற்கு வித்து உண்டு. 2003ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவின்படி, அப்பகுதியில் தக்க தங்கிடம் காலியாக இருக்குமாயின், ஆறு வண்டி என்னும் கணக்கின்றியே காவல்துறை வெளியேறச் சொல்லலாம். இடம் காட்டுவோர்க்கு அதிகாரம் மிகுதி என்பது இதன் உட்கிடை. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் உள்ளமும் இதுவே. விதிவிலக்காக உள்ள இக்கோட்பாட்டைப் பொது விதியாக்குதல் வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது. 'போ' என்று சொல்லும் அதிகாரம், 'இங்கே போ' என்று காட்டும் கடமையோடு பிணைக்கப்பட வேண்டும். இடம் அமைத்த மன்றம், அவ்விடத்தை ஏற்க மறுத்து விளையாட்டுத் திடலில் வண்டியை நிறுத்துவோரை உறுதியோடு வெளியேற்றட்டும். அதனை நாமும் வரவேற்போம். இடம் அமைக்காத மன்றம் முதலில் தன் கடமையைச் செய்யட்டும்.

ஒவ்வொரு முறை வண்டி விரட்டப்படும்போதும் ஒரு குழந்தையின் பள்ளிப் படிப்பு அறுபடுகின்றது. ஒரு முதியவரின் மருத்துவம் தடைப்படுகின்றது. ஒரு கருவுற்ற பெண் தன்னை அறிந்த செவிலியரை இழக்கின்றாள். இவையும் ஊராட்சியின் கணக்கேட்டில் செலவாக எழுதப்பட வேண்டியவை. எழுதப்படாமையால் அவை இல்லாதனவாகிவிடா.

ஒரு நாட்டின் நாகரிகத்தை அதன் மாளிகைகளைக் கொண்டு அளப்பார் உளர். மாளிகையும் மனையும் இல்லாதவன் மாலையில் வந்து நின்றால் அவ்வூர் அவனுக்கு எதைக் காட்டுகின்றது என்பதைக் கொண்டு அளப்பதே பொருந்தும் எனக் கருதுகின்றோம். பாறைகளை உருட்டி வாயிலை அடைப்பதும், மண்மேடு எழுப்பி வழியை மறிப்பதும் எளிது. ஒரு குழாய், ஒரு கழிப்பிடம், ஒரு மாதத்துக்கான இசைவு ஆகியவற்றைத் தருவது அவற்றைவிடச் செலவு குறைந்தது, அறமும் ஆவது. அதனை உள்ளாட்சி மன்றங்கள் உணரும் நாளே, 'வீடு' என்னும் சொல்லின் இருபொருளும் அம்மக்கள் வாழ்வில் ஒன்றாகும் நாள். அந்நாள் விரைந்து வருக என்பதே நம் வேட்கை.